பதில் போடவும்

லவன் ஒரு நாளும் உடைத்துப் பார்க்காத கடிதங்கள் எல்லாம் உடைக்கப்பட்டிருந்தன.

அவசரத்தில் பிய்த்தமாதிரி இல்லை. ஒவ்வோர் உறையும் ஒடுங்கிய பக்கமாய், சவர அலகு பிடித்து ஒரே நேராய் வகிரப்பட்டு, உள்ளே இருந்த கடதாசி ஒற்றை எடுக்கப்பட்டு, வாசிக்கப்பட்டு, திரும்ப அதனதன் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. அலுமாரியின் அடித்தட்டில் இருந்த பெரிய தகர பிஸ்கற் ரின்னை மடியில் வைத்து மூடியைக் கழற்றியபோது, பழங்கடதாசியின் புழுங்கல் மணத்தை எதிர்பார்த்த மூக்கில், அறுத்து ஒரு நாள் வெயிலில் கிடந்த புல்லின் மணம் வந்து ஏறியது. வெளியே சோளகக் காற்று வடலி ஓலைகளைப் பிடித்து உலுப்பிக்கொண்டிருந்தது. பின்னேரம் மூன்று மணி. பயப்படுவதற்குத் தோதான நேரமே அல்ல; ஆகவே லவன் பயப்படவில்லை, கோபப்பட்டான்.

"அம்மா! என்ரை கடிதங்களை ஆர் உடைச்சது?"

'என்ரை' என்று சொல்லும்போதே நாக்கு கொஞ்சம் கூசியது.

அவனுடைய அப்பா மயில்வாகனம், தீவுப் பக்கத்தில் ஓர் உப தபாற்கந்தோரைத் தனியொருவராய் முப்பது வருடம் நடத்தியவர். பதினொரு வயதில் லவனை யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டு, அன்றிலிருந்து புதன்கிழமை தவறாமல் ஒரு கடிதம் போட்டார். ஊரான சரவணையிலிருந்து பட்டணத்துக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். கடிதத்துக்கு மூன்று நாள். போன் எடுத்தால் என்ன என்று அம்மா கேட்டால், "தபாற்கந்தோர்க்காரனே போன் எடுத்தா முத்திரையை ஆர் வாங்கிறது?" என்பார். கடிதங்களில் விசேஷம் ஒன்றும் இருக்காது. இவ்விடம் யாவரும் நலம். அவ்விடம் உன் நலமறிய ஆவல். கிணற்றில் தண்ணீர் நாலு முழம். பசு கன்று போட்டிருக்கிறது. பதில் போடவும்.

லவன் ஏழு கடிதங்களை உடைத்தான். எட்டாவதிலும் கிணறும் பசுவும்தான் இருக்கும் என்று தெரிந்துவிட்டதால் மிச்சத்தை ட்ரங்குப் பெட்டியின் அடியில் போட்டான். ஒன்றுக்கேனும் பதில் போடவில்லை. எட்டு வருடம் கழித்து விடுதியை விட்டு வரும்போது அந்தப் பெட்டியும் வீட்டுக்கு வந்தது. அப்பாதான் திறந்தார். ஒட்டினது ஒட்டினபடி கிடந்த தன் கடிதங்களைக் கண்டார். முத்திரையில் குத்தியிருந்த திகதி பார்த்து அடுக்கி, ஆண்டுவாரியாகச் சணல் கயிற்றால் கட்டி, ரின்னில் வைத்து மூடினார். உடைத்துப் பார்க்கவும் இல்லை. தபாலில் சேர்த்த கடிதம் உறையில் பெயர் உள்ளவனுக்குச் சொந்தம், எழுதினவனுக்கே அதில் உரித்துக் கிடையாது என்பது அவருடைய சமயம்.

உடைத்த ஏழும் வீண்போகவில்லை. கம்பஸில் முதலாம் வருடமே லவன் அவற்றை மேடையேற்றினான். தலைக்குப் பவுடர் கொட்டி, பேனாவால் மீசை வரைந்து, அப்பாவின் குரலில், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் வாசிப்பான். "கிணற்றில் தண்ணீர் நாலு முழம்" என்றதும் மண்டபம் சிரித்து விழும். பிறகு யார் யாரைச் சுகம் கேட்டாலும் "நாலு முழம் மச்சான்" என்றுதான் பதில் வந்தது.

அப்பா செத்து நாளையோடு ஒரு வருடம். முதலாண்டு ஆட்டைத் திவசம் செய்ய ஒரே மகன் வந்திருக்கிறான். வந்த கையோடு, இந்த முறையாவது முழுதையும் ஒழுங்காக வாசிப்போம் என்று ரின்னைத் திறந்தான். திறந்தால் இப்படி.

அம்மா நாகபூசணி தேத்தண்ணியோடு குசினியிலிருந்து வந்தார். வலக்கண்ணில் படலம் வெட்டியாயிற்று, இடக்கண் இன்னும் படலம் மூடியபடி.

"நான் ஏன் மோனை உடைக்கிறன்? ஆரின்ரையோ தபாலை உடைக்க அப்பா விட்டிருப்பாரே? நீதானே ஞாயிற்றுக்கு ஞாயிறு இருந்து உடைக்கிறனீ."

"நானோ?"

"பின்னை? போன ஞாயிறும் கணவாய்க் கறியோட ரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டிட்டு, உந்தக் கதிரையில இருந்துதானே எழுதினனீ. இப்ப வந்து ஆர் உடைச்சதெண்டு கேக்கிறாய். என்னட்டையும் உன்ரை கம்பஸ் பகிடியை விடாதை."

அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனார். லவன் கோப்பையைத் தொடவில்லை. காது மடல் இரண்டும் சுட்டன.

ஒரு வருடமாக அவன் இந்த வாசற்படலையைத் தாண்டவில்லை. செத்தவீட்டுக்கும் வரவில்லை, முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் நடந்த அந்தியேட்டிக் கிரியைக்கும் வரவில்லை. முதல் வராததற்கு ஒரு பொய் சொன்னான். இரண்டாவதற்கு, முதல் பொய்யோடு முகத்தைக் கொண்டுவர வெட்கமாக இருந்தது. பிறகு அந்த வெட்கத்துக்கும் சேர்த்து வெட்கம். அயலட்டைச் சனம் "மகன் வாறவனோ?" என்று கேட்டிருக்கும். அம்மா "ஞாயிற்றுக்கு ஞாயிறு" என்று சொல்லியிருப்பார். சொல்லிச் சொல்லி இப்போது அவருக்கே அது உண்மையாகிவிட்டது. தனக்காகத் தாய் பொய் சொல்லிப் பழகியிருக்கிறாள் என்று லவன் நினைத்தான்; அந்த நினைப்பே போதுமானதாக இருந்தது, வேறு பேய் வேண்டியிருக்கவில்லை.

முதற்கட்டின் கயிற்றை அவிழ்த்தான். முதல் உறையில் அப்பாவின் ஒற்றைக்குப் பின்னால் இன்னோர் ஒற்றை இருந்தது. கொப்பியிலிருந்து கிழித்தது. நீல மை.

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. கிணற்றில் நாலு முழம் இருப்பது அறிந்து சந்தோஷம். நான் முதல் மூன்று இரவும் அழுதேன். சத்தம் கேளாமல் இருக்கத் தலையணை உறையை வாய்க்குள் வைத்துக்கொண்டேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. இப்படிக்கு, மகன் லவன்.

அம்மாவின் எழுத்து இல்லை. அம்மாவின் எழுத்து கோழி நடந்தமாதிரி இருக்கும். இது வலப்பக்கம் சரிந்து, வரிக்கு வரி கொஞ்சம் மேலே ஏறிப்போகும் எழுத்து. பரீட்சைத் தாளில் கண்டால், இது என்னுடையது என்று லவனே கைநீட்டி வாங்கிக்கொள்வான்.

தலையணை உறை பற்றி அவன் உண்மையில் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அடுத்த உறை. அதிலும் ஒரு பதில். அடுத்ததிலும். காற்று ஒரு தரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வீசியது. மூன்றாம் கட்டில், அவன் வாசிக்காமலே எதைப் பற்றியதென்று தெரிந்த ஒரு கடிதம் வந்தது. முத்திரைத் திகதியே காட்டிக்கொடுத்தது.

பதின்மூன்று வயதில் ஒரு சனிக்கிழமை. அப்பா காக்கிக் காற்சட்டையோடு, சைக்கிளில், கடல்மேல் போகும் பண்ணைப் பாலத்தின் வெயில் முழுதையும் வாங்கிக்கொண்டு, பனங்காய்ப் பணியாரம் கட்டின பார்சலோடு விடுதி வாசலில் வந்து நின்றார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லவனோடு நின்ற பெடியன்களில் ஒருவன், டொக்டர் ஒருவருடைய மகன், "ஆரடா அது?" என்று கேட்டான். "தபால்காரன். பார்சல் கொண்டந்திருக்கிறான்" என்றான் லவன். அப்பாவுக்குக் கேட்டது. ஐந்து அடிக்குள் நின்றவருக்குக் கேட்காமல் இருக்க வழியில்லை. அவர் ஒரு கணம் பார்சலைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியும் பேனாவும் எடுத்து, "தம்பி, பார்சல் கிடைச்சதுக்கு இதில ஒரு கையெழுத்துப் போடுங்கோ" என்று நீட்டினார். மரியாதையாக. 'போடுங்கோ' என்று. லவன் கையெழுத்துப் போட்டான்.

அந்தக் கிழமைக் கடிதத்தில் அப்பா எழுதியிருந்தது: பார்சல் பத்திரமாகச் சேர்ந்தது அறிந்து மகிழ்ச்சி. கிணற்றில் மூன்றரை முழம். பதில் போடவும்.

பின்னால் இருந்த பதில்: அப்பா, பணியாரத்தை நான் தின்னவில்லை. கூடப் படிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். தின்றால் அழுகை வரும் என்று பயம். நீங்கள் சைக்கிளைத் திருப்பும்போது ஒருக்கா வழுக்கினீர்கள். நான் கண்டேன். கண்டும் நின்றேன்.

லவன் ஒற்றையைக் கவிழ்த்து வைத்தான். ஆளில்லாத அந்த முன்னறையில், ஒருவரும் பார்க்காதபோதும், கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

ஐந்து மணிபோல் படலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். நாளைய காரியத்தை நடத்தப்போகும் குருக்கள் ஐயா. சால்வையை இறுக்கிக்கொண்டு கதிரையில் அமர்ந்தார்.

"தம்பி, காலமை எட்டரைக்கு முதல் தோஞ்சு ஈரத்தோட நிக்கவேணும். எள்ளும் தர்ப்பையும் நான் கொண்டாறன். உமக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. அந்தியேட்டியண்டு நீர் செய்தமாதிரி இந்தத் தீவுக்குள்ள ஒரு பெடியனும் செய்யேல்லை."

லவனுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஐயாவும் அம்மாவோடு சேர்ந்துவிட்டாராக்கும்.

"எந்த அந்தியேட்டி, ஐயா?"

"நல்ல கேள்வி. உம்மடை தகப்பன்ரை அந்தியேட்டிதான். வேற ஆருக்குச் செய்தனீர்? ஒரு சொல்லுப் பிழைக்கேல்லை. நான் சொல்ல முதலே சொல்லுறீர். கையைப் பிடிச்சன், குளிர்ந்துபோய்க் கிடந்தது. டெங்குக் காய்ச்சல் விட்ட உடம்பு எண்டு நினைச்சன்."

டெங்கு. அதுதான் அந்த முதற்பொய்.

அப்பாவின் உடல் இந்த முன்னறையில் கிடந்த நேரம், லவன் கொழும்பில் ஒரு மண்டபத்தின் பின்பக்கம் நின்றான். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான நகைச்சுவைப் போட்டி. மேடையேற எட்டு நிமிடம். தலையில் பவுடர், மேலுதட்டில் பேனா மீசை. அப்பாவாக நின்றபடிதான் அப்பா செத்ததைப் போனில் கேட்டான். டெங்கு, ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன், எழும்ப ஏலாது என்றான். வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னார்கள். கமராவை நிற்பாட்டி வைத்தான். கொள்ளி வைக்க ஒரே ஒரு சொந்தக்காரன் மயூரநாதன்; அவனுடைய மனுசி பிள்ளைத்தாச்சி, அவன் தொடக்கூடாது. அப்போதுதான் ஐயா போனில் கேட்டார்: "தம்பி, உமக்குப் பதிலா ஒரு தர்ப்பையை முடிஞ்சு மகன் எண்டு நிறுத்தலாம். நீர் உம்மடை வாயால சம்மதம் சொல்லவேணும். உம்மடை இடத்தில அது நிக்கட்டோ?"

மேடையில் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"ஓம் ஐயா, நிக்கட்டும், நிக்கட்டும். நான் வருமட்டும் அதுவே நிக்கட்டும்."

முதற்பரிசு அவனுக்குத்தான்.

"ஒரு விஷயம் தம்பி," என்று குருக்கள் இப்போது குரலைத் தணித்தார். "அந்தத் தர்ப்பை முடிச்சைப் பிறகு தேடினன், காணேல்லை. நிறுத்தினவன் தன்ரை கையால அவிழ்த்துக் கடலில விடவேணும். இல்லாட்டி நிண்டது நிண்டபடியே நிக்கும். அந்தியேட்டியண்டு நீர் எடுத்து விட்டிருப்பீர்தானே? விடாட்டி இப்பவே சொல்லும். நாளைக்கு முதல் அதுக்கொரு காரியம் செய்யலாம்."

சொல்லியிருக்கலாம். ஐயா, நான் அந்தியேட்டிக்கு வரவே இல்லை. வந்தது ஆரெண்டு எனக்குத் தெரியாது. அவ்வளவுதான். ஆனால் அதைச் சொன்னால் டெங்குவையும் சொல்லவேண்டும். டெங்குவைச் சொன்னால் மீசையையும் சொல்லவேண்டும். குசினி வாசலில் அம்மா சீலைத் தலைப்பில் கை துடைத்தபடி நின்றார், முகத்தில் ஒரு பெருமையோடு.

"ஓம் ஐயா. விட்டிட்டன்."

"அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை."

மோட்டார் சைக்கிள் போய்விட்டது. புல் மணம் கூடியிருந்தது.

விளக்கு வைக்கும் நேரம் லவன் மிச்சக் கட்டுகளை அவிழ்த்தான். நிற்பாட்ட முடியவில்லை. பதில்கள் ஒவ்வொன்றும் அவனைப் பற்றிய ஒவ்வோர் உண்மையாக இருந்தது: எதற்குப் பொய் சொன்னான், யாரிடம் அப்பாவை என்ன உத்தியோகம் என்று சொன்னான், எந்த லீவுக்கு ஏன் வீட்டுக்கு வரவில்லை. கிணற்று முழத்துக்கும் ஒவ்வொன்றிலும் மரியாதையாக ஒரு வரி இருந்தது. ஒரு மகன் எழுதவேண்டிய கடிதங்கள். அவன் எழுதியிருக்கவேண்டியவை. கடைசிக் கட்டுக்கு வரும்போது மை மாறவில்லை, எழுத்து மாறவில்லை, ஒரு சொல் மட்டும் மாறியிருந்தது.

அப்பா, அவன் இந்த ஞாயிறும் வரவில்லை. நான் வந்தேன். அம்மா கணவாய்க் கறி வைத்திருந்தா.

அப்பா, அம்மாவின் கண்ணுக்கு மருந்து நான்தான் விடுகிறேன். அவன் போன் எடுத்து இருபது நாள்.

அப்பா, அவனுக்கு உங்கள் குரல் வரும். எனக்கு உங்கள் குணம் வருகிறது என்று அம்மா சொல்லுறா.

கதவு நிலையைப் பார்த்தான். ஒருவரும் இல்லை. அம்மா உள்ளே மரக்கறி வெட்டும் சத்தம் மட்டும். டக். டக். டக்.

ரின்னின் அடியில் ஒன்று மிச்சம் இருந்தது. அதுமட்டும் உடைக்கப்படவில்லை. கம்பஸ் போடிங் அறை விலாசம் எழுதி, முத்திரை ஒட்டி, ஆனால் முத்திரையில் குத்து விழாமல். அப்பா எழுதித் தபாலில் சேர்க்குமுன் செத்துப்போன கடிதம். அதை அவனுக்கென்று யாரோ மிச்சம் வைத்திருந்தார்கள்.

உடைத்தான்.

அன்புள்ள மகன் லவனுக்கு, இவ்விடம் யாவரும் நலம். நீ என்னைப்போல் நடித்த வீடியோவை கந்தோருக்கு வந்த பெடியன் ஒருவன் காட்டினான். என் குரலை நன்றாகப் பிடித்திருக்கிறாய். நானும் சிரித்தேன். சனமெல்லாம் சிரிக்கிறது, என் மகனுக்கு இவ்வளவு கெட்டித்தனம் இருக்கிறது என்று சந்தோஷம். அம்மாவுக்குக் காட்டவில்லை. எனக்குச் சில நாளாக நெஞ்சுக்குள் ஒரு மாதிரி இருக்கிறது. உன்னை ஒருக்கால் பார்க்கவேணும்போல் இருக்கிறது. ஒருக்கால் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ. வர வசதி இல்லையென்றால் ஒரு வரியேனும் பதில் போடவும்.

கிணற்றைப் பற்றி ஒன்றும் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

இதற்கு மட்டும் நான் எழுதுவேன் என்று லவன் நினைத்தான். மற்ற எல்லாவற்றையும் தன் இடத்தில் நிற்கிற அது எழுதிவிட்டது. இது ஒன்றுதான் மகனுக்கு மிச்சம். இதை எழுதி, நாளைக்குத் திவசத்தையும் தன் கையால் செய்துவிட்டால், தன் இடம் தனக்கு. பேனா எடுத்தான். 'அன்புள்ள அப்பாவுக்கு' வரை வந்தது. அதற்குப் பிறகு எதை எழுதினாலும் அது பகிடியாகவே விழுந்தது. கையே அப்படிப் பழகிவிட்டது. ஒற்றை ஒற்றையாகக் கசக்கினான். படுக்கப் போகுமுன் ஒரேயொரு வரி உருப்படியாக வந்தது: அப்பா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதை மேசையில் வைத்துவிட்டுப் படுத்தான்.

காலையில் அதன் கீழே, அதே எழுத்தில், இன்னொரு வரி இருந்தது.

இது போதாது.

மை இன்னும் ஈரம்.

எட்டரை மணி. வெயில் ஏறிவிட்டது. கிணற்றடியில் உவர்த் தண்ணியில் தோய்ந்து, ஈர வேட்டியோடு, லவன் முற்றத்துப் பந்தலின் கீழ் உட்கார்ந்தான். அயலவர் பத்துப் பேர். யாரோ சாம்பிராணி போட்டார்கள். அதையும் மீறி அந்தப் புல் மணம். அவனுக்கு முன்னால் தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பியிருந்தது; பக்கத்தில் எள்ளு, தண்ணீர்ச் செம்பு, படையலுக்கு வடித்த சோறு. அம்மா சோற்றுப் பானைக்கு அருகில் பாயில் இருந்தார். குருக்கள் பவித்திரத்தை அவன் மோதிர விரலில் போட்டார்.

"தகப்பன் பேரைச் சொல்லும்."

லவன் வாயைத் திறந்தான்.

"மயில்வாகனம்."

திறந்தான், அவ்வளவுதான். சொன்னது அவனில்லை. குரல் அவனுடையது. காதுக்குப் பின்னால், அரைச் சொல் முந்தி.

"தகப்பனைப் பெத்த பேரன் பேர்?"

"ஆழ்வாப்பிள்ளை."

"பூட்டன்?"

"சோமநாதன்."

"பாத்தியளோ," என்றார் குருக்கள், சனத்தைப் பார்த்து. "பிழைக்காது."

லவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்து அல்ல. அவன் தோளுக்கு மேலே. கொஞ்சம் பின்னால்.

இப்போதும் சொல்லலாம். ஐயா, நிற்பாட்டுங்கோ. நான் பொய் சொன்னனான். பத்துப் பேர் இருக்கிறார்கள். பகல். சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்ப்பார்கள் என்றுதான் நாக்கு எழும்பவில்லை. ஒரு மூச்சு நேரம். இன்னொரு மூச்சு. வெட்கம் அவ்வளவு நேரம்தான் பிடித்து வைத்தது.

அதற்குள் கைகள் வந்துவிட்டன.

பின்னாலிருந்து. இரு தோளுக்கும் மேலாக. பிள்ளைக்கு முதலெழுத்து எழுதுவித்து ஏடு தொடக்குகிறவர் பிடிக்கிறமாதிரி அவன் வலக்கையைப் பிடித்தன. குளிர்ந்தவை. காய்ந்தவை. தோலில் நீளநீளமாய் நரம்பு. புல்லின் நரம்பு. சுட்டுவிரலை நீட்டி அரிசியில் வைத்தன.

எழுதின.

அன்புள்ள அப்பாவுக்கு.

விரல் அவனுடையது. எழுத்து அவனுடையது. வரிக்கு வரி மேலே ஏறிப்போனது. லவன் கையை இழுத்தான். கை வரவில்லை. கத்தினான். குருக்களின் மந்திரம்தான் கேட்டது.

உங்கள் கடைசிக் கடிதம் கிடைத்தது. முகத்தைப் பார்க்கவேணும் என்று கேட்டிருந்தீர்கள்.

அரிசி விலகி விலகிப் பித்தளை தெரிந்தது.

அவனை அனுப்புகிறேன்.

இப்படிக்கு, மகன்.

பெயர் எழுதவில்லை. தேவைப்படவில்லை.

பிறகு அவை அவன் விரல்களை உள்ளங்கைக்குள் மடித்தன. உள்ளங்கையை மணிக்கட்டின்மேல் மடித்தன. நோகவில்லை. எலும்பு தடுக்கவில்லை. கடதாசி மடியும் சத்தம் மட்டும். மடிப்பின்மேல் ஒரு நகம் ஓடியது, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, அழுத்தி, ஒரே நேராய். முன்கை முழங்கையில் மடிந்தது. திரும்ப நகம். தோள். நகம். ஈர வேட்டி தட்டையாகிக்கொண்டே வந்தது. முற்றத்தில் ஒருவரும் கண்ணிமைக்கவில்லை. கெட்டிக்கார மகன் ஒருவன் தகப்பனுக்குச் செய்கிற காரியத்தைச் சனம் பார்க்கிறமாதிரியே பார்த்துக்கொண்டிருந்தது.

கழுத்து மடியுமுன் லவனுக்குக் கடைசியாகத் தெரிந்தது அம்மாவின் கை. அவர் படையல் சோற்றிலிருந்து ஒரு பருக்கையைக் கிள்ளி, உறை ஒட்டுவதற்கு வாகாகப் பெருவிரலால் நசித்து, தோளுக்குப் பின்னால் நின்ற மகனிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.